எந்தப் பக்கம் மடித்தாலும்

கம்பெனியில் அவளுக்கு ‘வயரக்கா’ என்று பெயர் விழுந்து ஆறு வருஷமாகிறது. ஆறு வருஷமும் அடுத்தவர் டிசைனுக்குப் படம் வரைந்து கொடுத்தே போயிற்று. இந்த ரைசர் கேபிள்தான் அவளே போட்ட முதல் டிசைன். கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டில் நேராகச் செருகாமல், கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் தள்ளி நிமிர்த்தி வைப்பவர்களுக்கு, இரண்டையும் இணைக்க வளைகிற பட்டை ஒன்று வேண்டும். அதுதான் இது. மதியம் மூன்று மணிக்குக் கேபினட் கம்பெனி மேடம் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் டிசைனை மூட்டை கட்டிவிட்டு, வெளியே வாங்கி விற்கலாம் என்று முதலாளி இப்போதே சொல்லிவிட்டார், புண்ணியவான்.

அவளுக்குப் பயமில்லை. ஐநூறு தடவை தன் கையாலேயே மடித்துப் பார்த்தாயிற்று. கேபிளை மாட்டிய கம்ப்யூட்டரின் திரையில் ஒரு புள்ளிகூட நடுங்கவில்லை.

பதினோரு மணிக்குக் கொழுந்தன் வந்தான். அதே கம்பெனியில் டெஸ்டிங். வீட்டில் அண்ணி சமையலில் குறை கண்டுபிடிக்கிறவனுக்கு இங்கே அதற்குச் சம்பளமும் உண்டு. கேபிளை எடுத்து ஒரு மடி மடித்தான். திரை கறுத்துவிட்டது.

“என்ன தம்பி பண்ணினே?”

“மடிச்சேன் அண்ணி. மடிக்கத்தானே செஞ்சிருக்கீங்க?”

முரட்டுக் கை என்று அவனைத் திட்டினாள். அவன் கோபித்துக்கொள்ளாமல் அவளையே மடிக்கச் சொன்னான். படம் வந்தது. அவன் மடித்தான், போய்விட்டது. எல்லாம் கைராசி என்று அவன் சிரித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் இடதுகைக்காரி, அவன் வலதுகைக்காரன். ஐநூறு தடவையும் ஒரே பக்கமாகத்தான் மடித்திருக்கிறாள். அவள் மடிப்பில், கம்பிகளைக் காக்க ஒட்டிய செம்புத்தாள் உள்பக்கம் அடங்கிவிடும். அவன் மடிப்பில் அதுவே வெளிப்பக்கம் வந்து, விறைத்து, கம்பிகளை நெரிக்கிறது. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அவனைப் போலத்தான் மடிப்பார்கள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை. புதுப் பட்டை ஒன்றை எடுத்து, மடிகிற இடத்தில் மட்டும் தாளைப் பசையில்லாமல் விட்டாள். இப்போது மடித்தால் தாள் விறைக்காது, நழுவிக் கொடுக்கும். சாப்பாட்டை மறந்து இருவரும் மாறி மாறி மடித்தார்கள். படம் அசையவில்லை.

மேடம் சொன்னபடி மூன்று மணிக்கு வந்தார். மடிக்கவில்லை, ஈரத்துண்டைப் பிழிவதுபோல் முறுக்கினார். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. திரையில் படம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“இதை எப்படி மடிக்கணும்னு பெட்டிக்குள்ள ஒரு தாள் வெச்சுடுவீங்களா? மத்தவங்க எல்லாரும் வெக்கிறாங்க.”

முதலாளி தலையாட்டப் போனார். அவள் முந்திக்கொண்டாள்.

“வேண்டாம் மேடம். அவங்கவங்க கைக்கு எப்படி வருதோ, அப்படி மடிச்சுக்கட்டும்.”

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முதலாளியை விட்டுவிட்டு, தன் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முதல் ஆயிரம் கேபிள் எப்போது கிடைக்கும் என்று அவளிடமே கேட்டார்.