புருசன் கையெழுத்து

புருசன் ராமர் கையெழுத்துப் போடாமல் நாகஜோதிக்கு லோன் வராது என்று அமலன் சொன்னதும் ஜக்கம்மாள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். மற்ற பெண்களுக்கும் சிரிப்பு வந்தது. நாகஜோதி மட்டும் சிரிக்கவில்லை.

செம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் சமுதாயக் கூடத்தில் குழு மீட்டிங் நடக்கும். திண்டுக்கல்லில் கிளை வைத்திருந்த ஒரு சிறுகடன் நிறுவனத்தின் குழு அது. பெண்களுக்கு மட்டும்தான் கடன். நகை, நிலம் எதுவும் அடமானம் வைக்க வேண்டாம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஜக்கம்மாள் குழுத் தலைவி. ஆடு வளர்க்கிறவள், ஊரில் யாருக்கும் பயப்படாதவள். அமலன் நிறுவனத்தின் களப்பணியாளன். வயதில் சின்னவன், மரியாதை தெரிந்தவன். பைக்கில் வந்து தவணையை வாங்கிக்கொண்டு போவான்.

"அவரு எங்க இருக்காருன்னு தெரியும்லக்கா? ஒரு கையெழுத்து, ஒரு ஆதார் நகல். அம்புட்டுத்தான்" என்றான் நாகஜோதியிடம்.

"தம்பி, அந்தாளு போயி நாலு வருசமாச்சு."

"புரியுதுக்கா. ஆனா கல்யாணமானவங்கன்னா புருசனும் சேந்து கையெழுத்துப் போடணும். இறந்திருந்தா இறப்புச் சான்றிதழ் குடுக்கலாம். பிரிஞ்சிருந்தா கோர்ட் பேப்பர் குடுக்கலாம்."

"செத்தவனுக்குப் பேப்பர் இருக்கு, அத்துவிட்டவனுக்குப் பேப்பர் இருக்கு. ஓடிப்போனவனுக்கு என்ன பேப்பர் இருக்கு?" என்று கேட்டாள் நாகஜோதி.

அமலன் தலையைச் சொறிந்தான்.

ராமர் வீட்டில் இருந்த காலத்தில் இதே குழுவில் அவள் பெயரில் இரண்டு கடன் வாங்கியிருந்தார்கள். இரண்டுக்கும் அவன் அழகாகக் கையெழுத்துப் போட்டான். முதல் கடனில் மாடு வாங்குவதாகப் பேச்சு. மாடு வீட்டுக்கு வரவே இல்லை. இரண்டாவது கடன் பணத்தோடு அவனே கிளம்பிப் போய்விட்டான். ஒட்டன்சத்திரத்தில் வேறொரு குடும்பத்தோடு இருப்பதாகப் பிறகு தெரிந்தது. பூப்பறித்தும் களையெடுத்தும் இரண்டு கடனையும் கட்டி முடித்தவள் நாகஜோதிதான்.

அதற்கப்புறம் அவள் கடன் பக்கமே போகவில்லை. பேகம்பூரில் பழைய சாமான் கடை வைத்திருந்த சேக் பரீதிடம் ஒரு லோடு ஆட்டோ ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவரிடம் கேட்டு ஓட்டப் பழகினாள். லைசென்ஸ் எடுத்தாள். தினவாடகைக்கு அதையே எடுத்து ஓட்டினாள். தோட்டம் தோட்டமாகப் போய்த் தக்காளிப் பெட்டியும் கத்தரிக்காய் மூட்டையும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவாள். பொம்பளை வண்டியில் காய் ஏற்றுவதா என்று ஆரம்பத்தில் யோசித்த விவசாயிகள்கூட, சொன்ன நேரத்துக்கு வருகிறாள் என்பதால் அவளுக்கே போன் போட ஆரம்பித்தார்கள்.

இப்போது சேக் பரீது கடையை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூருக்குப் போகப்போகிறார். ஆட்டோவை விற்றாக வேண்டும்.

"நீ எடுக்குறதா இருந்தா மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்கேன்மா. அதுக்கு மேல தாங்காது. எனக்கும் அங்க போயி வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

அதனால்தான் மறுபடியும் கடன் கேட்டாள்.

மறுநாள் தக்காளி இறக்கிவிட்டு, மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ராமரிடம் போனாள். எத்தனையோ தடவை தூரத்தில் பார்த்தும் பார்க்காதது மாதிரிப் போயிருக்கிறாள். அன்று நேராகப் போய் நின்றாள். கேரளா லாரிக்கு முருங்கைக்காய்க் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஏ ஜோதி! ஆட்டோலாம் ஓட்டுறியாம்ல? சொன்னாய்ங்க. வா, டீ சாப்புடு."

டீக்கடை வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னாள். அவன் டீயை ஆற்றியபடி கேட்டுக்கொண்டான்.

"போட்டுட்டாப் போச்சு. ஒரு கையெழுத்துத்தான? ஆனா ஆர்சி புக்கு எம்பேர்ல இருக்கட்டும்."

"எதுக்கு?"

"நாளைக்கு டியூ நின்னுச்சுன்னா எங்கிட்டத்தான வருவாய்ங்க? அதுவும் போக, ஆம்பள பேர்ல இருந்தாத்தான் வண்டிக்கு மரியாத. வேணும்னா நானே வந்து ஓட்டுறேன். நீ எதுக்கு வெயில்ல அலையுற? பழசெல்லாம் மறந்துருவோம்."

அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை. அவளுக்கு ஏதோ நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கடைக்காரரிடம் இரண்டு டீக்கும் காசைக் கொடுத்தாள்.

"ஒன் கையெழுத்து ஒங்கிட்டயே இருக்கட்டும். பத்திரமா வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஊருக்கு வரும் வழியெல்லாம் அழுகை வருமோ என்று பார்த்தாள், வரவில்லை.

சாயங்காலம் ஜக்கம்மாள் ஆட்டுக்குக் குழை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் அரிவாளைக் கீழே போட்டாள்.

"அவன் கெடக்கான் விடு. எங்க வீட்டுக்காரரையே ராமர்னு சொல்லிக் கையெழுத்துப் போட வைக்கிறேன். அமலன் கண்டுக்க மாட்டான். வண்டிய வாங்கு மொதல்ல."

"எதுக்குக்கா பொய் சொல்லணும்? கடன் வாங்கப்போறது நானு. கட்டப்போறது நானு. நான் கட்டலைன்னா கட்டப்போறது நீங்க. இதுல ஆம்பள எங்கிட்டு வாரான்?"

ஆடு ஒன்று ஜக்கம்மாளின் முந்தானையைக் கடித்து இழுத்தது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ஒங் கேள்வி சரிதான்" என்றாள் கடைசியில். "அப்ப எனக்கு மட்டும் எதுக்கு அவரு கையெழுத்து? நான் எத்தன ஆடு வாங்குனேன்னுகூட அந்த மனுசனுக்குத் தெரியாது."

அடுத்த செவ்வாய்க்கிழமை குழுவுக்கே புதுக் கடன் கொடுக்கிற நாள். அதனால் கிளை மேனேஜர் அறிவுச்செல்வி காரில் வந்திருந்தார். கறாரான அம்மா என்று பேர். கடனை ஒழுங்காகக் கட்டுவோம் என்று பெண்கள் உறுதிமொழி சொல்லி முடித்துவிட்டு, கொண்டுவந்த காகிதங்களை மேசைமேல் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் புருசன் போட்டோ, புருசன் ஆதார், புருசன் கையெழுத்து. நாகஜோதி வைத்ததில் அவளுடையது மட்டும்.

மேனேஜர் அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இது பத்தாதும்மா."

"என்ன பத்தல மேடம்? ஒரு வாரம் தவணை தவறியிருக்கனா?"

"இல்ல. ஒங்க பேர்ல ஒரு குறையும் இல்ல. ஆனா ரூல் நான் போட்டதில்ல. எங்களுக்குப் பணம் குடுக்குறவங்களுக்கு ஒரு பாதுகாப்பு வேணும்ல?"

"போன தடவ பாதுகாப்புக்குக் கையெழுத்துப் போட்டவருதான் மேடம் பணத்தை எடுத்துட்டுப் போனாரு. கட்டுனது நானு."

கூடத்தில் யாரோ 'அப்படிச் சொல்லு' என்றார்கள். மேனேஜர் முகம் சிவந்தது.

"தனி ஒருத்தருக்காக ரூல மாத்த முடியாது."

அப்போது ஜக்கம்மாள் எழுந்தாள். "தனி ஒருத்தி இல்ல மேடம். எம் புருசன் போட்ட எடத்துல நாகஜோதி போடட்டும். அவளுக்கு நான் போடுறேன். ஒத்துக்கிட்டா பணத்தைக் குடுங்க. இல்லைன்னா எனக்கும் வேணாம்."

சொன்னதோடு நிற்காமல் மேசைக்குப் போய்த் தன் காகிதத்திலிருந்து வீட்டுக்காரரின் ஆதார் நகலை உருவி எடுத்தாள். இதை அவர்கள் யாரும் முன்கூட்டிப் பேசி வைத்திருக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, "எங்க வீட்டுல வைவாகளே" என்று முனகினாள். ஆனால் முனகிக்கொண்டே எழுந்தவளும் அவள்தான். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியாகப் போய்த் தன் தன் புருசனை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அமலன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

மகேஸ்வரி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அவள் மகளுக்கு அந்த வாரம் ஆபரேஷன். கடன் பணத்தை நம்பித்தான் ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருந்தாள். அவள் கண் கலங்குவதைப் பார்த்து நாகஜோதி அவள் பக்கம் போனாள்.

"நீ வாங்கிக்க மகேசு. பிள்ளயப் பாரு. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

மகேஸ்வரிக்கு மட்டும் கடன் கொடுத்துவிட்டு மேனேஜர் கிளம்பினார். காரில் ஏறும்போது கேட்டார்:

"பழைய கடன்?"

"ஒரு வாரம்கூடத் தப்பாது" என்றாள் ஜக்கம்மாள். "கட்டுறதைக் கட்டுவோம். புதுசா வாங்க மாட்டோம்."

அந்த மாதம் முடிந்ததும் சேக் பரீது ஆட்டோவை வத்தலக்குண்டுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். சாவியைக் கொடுக்கும்போது, "மனசு கேக்கலம்மா" என்று நாகஜோதிக்குப் போன் செய்தார். அவள் அவரைக் குறை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போனாள். அவளை நம்பிய விவசாயிகள் வேறு வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரே அந்த வண்டி தக்காளிப் பெட்டியோடு போகும்போது மனது எரிந்தது. நான் ஒருத்தி பிடிவாதம் பிடித்து எல்லாருக்கும் கிடைக்கிறதைக் கெடுத்துவிட்டேனோ என்று சில நாள் தோன்றும். ராமர் டீக்கடையில் சொன்னது ஞாபகம் வந்ததும் அந்த எண்ணம் போய்விடும்.

குழுவிலும் எல்லாம் சுமுகமாக இல்லை. பிள்ளைக்குப் பீஸ் கட்ட முடியாமல் ஒருத்தி அண்ணனிடம் கை நீட்டினாள். இன்னொருத்தியை அவள் மாமியார் மீட்டிங்குக்கே போகக் கூடாது என்றார். ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தால் எல்லாரும் வந்து தவணையைக் கட்டினார்கள். அமலன் ஒவ்வொரு வாரமும், "புதுக் கடன் வேணுமாக்கா?" என்று கேட்பான். கேட்க வேண்டியது அவன் வேலை.

"அந்தப் புருசன் கட்டத்துல யாரு கையெழுத்து?" என்று ஜக்கம்மாள் திருப்பிக் கேட்பாள்.

பக்கத்து ஊர்க் குழுவுக்குச் சேதி போனது. அங்கேயும் ராமர் மாதிரி ஆள்கள் இருந்தார்கள். அந்தக் குழுப் பெண்களும் புதுக் கடன் வேண்டாம் என்றார்கள். அதற்கடுத்த ஊரிலும்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் மேனேஜர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை நாற்காலியில் உட்காராமல் பெண்களோடு பாயில் உட்கார்ந்தார். தவணை ஒழுங்காக வருகிறது, ஆனால் யாரும் கடன் வாங்குவதில்லை. இது எதனால் என்று தலைமை அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார்.

"நானும் சண்டை போட்டேன்மா. நீங்க நம்ப மாட்டீங்க" என்றார். "புருசன் கூட இல்லாதவங்களுக்குக் குழுவுல இருக்கிற இன்னொரு பொம்பள கையெழுத்துப் போட்டாப் போதும்னு ஒத்துக்கிட்டாங்க."

"எங்களுக்கு?" என்று கேட்டாள் ஜக்கம்மாள்.

"புருசன் இருக்கிறவங்களுக்குப் பழைய மாதிரிதான்."

"அப்ப பாதிதான் வந்திருக்கு."

"பாதியாவது வந்துச்சே" என்றார் மேனேஜர்.

"மிச்சத்தை அப்புறமாக் கேப்போம்" என்றாள் ஜக்கம்மாள். நாகஜோதி காகிதத்தில் தன் பெயரைப் பெரிசாக எழுதினாள். புருசன் கட்டத்தில் ஜக்கம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

சேக் பரீது கோயம்புத்தூரிலிருந்தே விசாரித்து, திண்டுக்கல்லில் தெரிந்த ஒருவரிடம் இருந்த ஆட்டோவைச் சொல்லிவிட்டார். பழைய வண்டியைவிட இது மோசம். கதவு சரியாகச் சாத்தாது, ஏற்றத்தில் முக்கும். ஆனால் ஆர்சி புக்கில் அவள் பெயர் இருந்தது. விவசாயிகள் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. புதுத் தோட்டங்களைத் தேடிப் பிடித்தாள்.

பொங்கலுக்கு முன்னால் மேனேஜரும் அமலனும் ஒரு மாலையோடு வந்தார்கள். வண்டிக்கு மாலை போட்டு, அதன் முன்னால் நாகஜோதியை நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டுமாம். நிறுவனத்தின் ஆண்டு மலரில் போடுவார்களாம்.

"இதைப் பார்த்துத்தான்மா நெறையப் பேரு நன்கொடை அனுப்புறாங்க. அந்தப் பணம்தான ஒங்களை மாதிரி ஆளுகளுக்குக் கடனா வருது."

"போட்டோவுக்குக் கீழ என்ன எழுதுவீங்க மேடம்?"

மேனேஜர் கொஞ்சம் தயங்கினார். "கணவர் கைவிட்ட ஏழைப் பெண்ணுக்கு நிறுவனம் வாழ்வு கொடுத்ததுன்னு... அது மாதிரிதான்."

நாகஜோதி மாலையை வாங்கி வண்டிமேல் வைத்துவிட்டு நேராக நின்றாள்.

"மொதல்ல தர மாட்டேன்னு சொன்னீங்க. அதை எழுதுங்க. இந்தக் குழுவே கடன் வேணாம்னு சொல்லுச்சு, அதையும் எழுதுங்க. அப்புறம் ரூல மாத்துனீங்க. அதுவும் நல்ல காரியந்தான், அதையும் எழுதுங்க. அப்படின்னா நிக்கிறேன்."

"அப்படிப் போட்டா யாரும்மா பணம் குடுப்பாங்க?"

"அதைப் படிச்சுட்டும் குடுக்குறவங்க இருப்பாங்க மேடம். எங்களுக்கு அவங்க பணம்தான் வேணும்."

மேனேஜர் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சொல்லு. எழுதிக்கிறேன். மேல இருக்கவங்க வெட்டிட்டா என்னக் கேக்காத."

"ஒங்களத்தான் மேடம் கேப்போம். வேற யாரத் தெரியும் எங்களுக்கு?"

அறிவுச்செல்வி சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். ஜக்கம்மாள் தெருவில் இறங்கிக் குரல் கொடுக்க, குழுப் பெண்கள் கை ஈரத்தைத் துடைத்தபடி வந்து சேர்ந்தார்கள். ஓரமாக நின்ற மகேஸ்வரியை, கூடவே வந்திருந்த அவள் மகளோடு சேர்த்து நாகஜோதி இழுத்து நடுவில் நிறுத்தினாள். வண்டியே தெரியாத அளவுக்குக் கூட்டம் மறைத்துவிட்டது என்று அமலன் புலம்பினான். தெரிகிற வரைக்கும் எடு என்றார்கள்.

போட்டோ எடுத்து முடித்ததும் நாகஜோதி மாலையை எடுத்து ஜக்கம்மாள் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். கன்னிவாடிப் பக்கத் தோட்டத்தில் தக்காளிப் பெட்டிகள் காத்திருந்தன. வண்டி இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. அவள் ஹாரனை அழுத்தியபடியே தெருவைக் கடந்து போனாள்.