அறுபத்துநாலு கிலோவுக்கு ஒரு சட்டை

“கையைத் தூக்கும்.”

“தூக்கினால் கிழியும், அக்கா.”

“அப்ப தூக்காதேயும். மூச்சை உள்ளுக்கு இழும்.”

“இழுத்துக்கொண்டுதான் நிக்கிறன்.”

“இதுக்கு மேலை இழுத்தால் ஆளே உள்ளுக்குப் போயிடுவீர்,” என்றார் இம்மாகுலேற், வாயில் கடித்திருந்த குண்டூசிகளுக்கு இடையால். “கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவிலை ரெண்டு விரல் இடைவெளி கிடக்கு. கலியாணப் பலகாரம் முழுக்க முதலே சாப்பிட்டு முடிச்சிட்டீரோ?”

பாரிஸின் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடக்கு நுனியில், இரண்டு மரக்கறிக் கடைகளுக்கு நடுவே போகும் நடைவழிக்குள் இருந்தது அந்தத் தையற்கடை. உடுப்பு மாற்றும் இடம் என்பது ஒரு திரையும் ஓர் ஆளுயரக் கண்ணாடியும்தான். கண்ணாடியில் நின்றவளை லக்ஷனா நிதானமாகப் பார்த்தாள். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை வைத்த சாறிச் சட்டை. அதன் கைகள் தோளுக்குக் கீழே சதையை நெரித்தன. ஆனால் அந்தத் தோள்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. நான்கு மாதங்களுக்கு முன்பு அவை அங்கே இருக்கவில்லை.

இன்னும் மூன்று கிழமையில் அண்ணன் கரிகாலனுக்குக் கலியாணம். யாழ்ப்பாணத்து வழக்கப்படி மணமகளுக்குத் தோழியாக நிற்க வேண்டியவள் மாப்பிள்ளையின் சகோதரி. கரிகாலனுக்கு இருப்பதோ ஒரே ஒரு தங்கை. சாறிகளுக்கான சட்டைகளை ஊரில் தைத்தால்தான் வடிவாக இருக்கும் என்று, செப்டெம்பரிலேயே ஏழு பெண்களின் அளவுகளும் சுன்னாகத்துக்குப் போயின. புதுவருடம் பிறந்த கையோடு ஏழு சட்டைகளும் ஒரே பொதியில் வந்து இறங்கின. எல்லோருக்கும் முன்னால் போட்டுப் பார்த்தவள் லக்ஷனா மட்டும்தான்.

“அம்மா சொன்னா, நீர் ஏதோ விளையாட்டுக்கு உடம்பு வைக்கிறீராம். கிரிக்கெட்டோ?”

“பேஸ்போல், அக்கா.”

“அது அமெரிக்கன்காரன்ரை எல்லோ? அதிலை நீர் என்ன செய்யிறனீர்?”

“விக்கெட் கீப்பர் மாதிரி. அடிக்கிற ஆளுக்குப் பின்னாலை குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறது.”

“குந்தியிருக்கிறதுக்கு உடம்பு எதுக்கு? நான் முப்பது வருசம் கதிரையிலை குந்தியிருந்து வைச்சிருக்கிறன், பாரும்,” என்று இம்மாகுலேற் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

லக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சட்டை தெறித்துவிடும் என்று அடக்கினாள்.

குந்தியிருப்பது இலகு. எழுந்து எறிவதுதான் கடினம். அவள் குந்தியிருக்கும் இடத்திலிருந்து, ஓடுகிறவள் பந்துக்கு முந்திப் போய்ச் சேரப் பார்க்கும் ‘இரண்டாம் தளத்துக்கு’ முப்பத்தெட்டு மீற்றருக்கு மேல். போன கோடையின் கடைசி ஆட்டத்தில், முதலாம் தளத்தில் நின்ற எதிரணிக்காரி அந்த இரண்டாம் தளத்தை நோக்கி ஓடத் தொடங்கினாள். லக்ஷனா அதைக் கண்டுவிட்டாள். எல்லோருக்கும் முதல் கண்டவள் அவள்தான். எழுந்தாள், எறிந்தாள். பந்து வானத்தில் ஒரு நொடி அழகாகத்தான் போனது. பிறகு களைத்துப்போன பறவையைப் போல இறங்கி, நிலத்தில் இரண்டு தரம் குத்தி, உருண்டு போய்ச் சேர்ந்தபோது ஓடியவள் தளத்தில் நின்று காற்சட்டைப் புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்று லக்ஷனா மட்டையால் அடித்த பந்துகளும் அப்படியேதான், மைதானத்தின் நடுவே உயிரை விட்டன.

பயிற்சியாளர் மர்கரீத் ஒளித்து மறைத்துப் பேசுகிறவர் அல்ல. உன் கண் நல்லது, கை நல்லது, பந்தைக் கொண்டுபோக உடம்புதான் இல்லை என்றார். ஒக்டோபரில் லக்ஷனாவின் எடை ஐம்பத்தெட்டு. மார்ச் முதற் கிழமை மாகாண அணித் தெரிவு. அறுபத்துநாலு கிலோவோடு வந்தால், பின்னால் குந்துகிற இடத்துக்கு உன்னைப் பரிந்துரைப்பேன். இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்ப்போம். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, கீழே ஒப்பமும் வைத்துக் கொடுத்தார். லக்ஷனா அதைத் தன் அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள்.

அந்தச் செய்தி கேட்டு முதலில் பூரித்துப் போனவர் அம்மா தில்லைநாயகிதான். “பத்தொன்பது வருசமாக நான் கத்தினது இவளின்ரை காதிலை ஏறேல்லை. ஒரு வெள்ளைக்காரி வந்து சாப்பிடு எண்டு கடுதாசி எழுதிக் குடுக்க வேண்டியிருக்கு,” என்று தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் முழுக்கச் சொல்லித் திரிந்தார். காலையில் பயறு போட்ட புட்டு, பத்து மணிக்கு முட்டை, மத்தியானம் இறைச்சி, நாலு மணிக்கு உழுத்தங்களி, பயிற்சி முடிந்து வர மீன். செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் இரும்புத் தூக்கல், வலைக்குள் பந்தடி. மற்ற நாட்களில் விடியவே எழும்பி, தலைக்கு மேலே மெத்ரோ ஓடும் பாலத்தின் கீழே ஓட்டம். வீடு ஐந்தாம் மாடியில், லிஃப்ட் இல்லை. முந்தி பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்குகிறவள், இப்போது இருபது கிலோ மூட்டையைத் தோளில் போட்டு ஒரே ஏற்றாக ஏறினாள். அந்தக் கட்டடத்தில் இருந்த நாலு தமிழ்க் குடும்பங்களும் அரிசி வாங்கினால் அவளைத்தான் கூப்பிட்டன. அவள் சந்தோசமாகப் போனாள். சில நாட்களில் மூட்டையை இறக்காமலே மேலே நின்று பத்துத் தரம் குந்தி எழும்பிவிட்டுத்தான் கொடுப்பாள்.

பொதி வந்து சேர்ந்த நாளோடு எல்லாம் தலைகீழானது. சட்டையின் கொக்கி எட்டவில்லை என்று கண்டவுடனே அம்மா மீன் சட்டியை மூடினார். “ஒரு மாசத்துக்குத்தானே. சூப்பைக் குடி. கலியாணம் முடியட்டும், மாட்டையே உரிச்சு வைக்கிறன்.” அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு ஒரு கோப்பை கீரைச் சூப்பாக இருந்தது. சாப்பாட்டுக்கடையில் சமையல் வேலை செய்யும் அப்பா குகதாசன், விடியற்காலையில் நாலு அவித்த முட்டைகளை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல வேலைக்குப் போனார். அந்த நாலு முட்டையும் அரிசி மூட்டைகளும்தான் அவளைத் தாங்கின. ஆனாலும் இன்று காலை தராசு அறுபத்தொன்றரையில் அசையாமல் நின்றது. பத்து நாளாக அதே இடம். இன்னும் மூன்று கிழமை சூப் குடித்தால் அது ஐம்பத்தொன்பதுக்கு இறங்கும். அங்கிருந்து அறுபத்துநாலுக்கு ஏற மார்ச்சுக்குள் நாள் இல்லை. அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

“கழட்டித் தாரும். உள்ளுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறார் எண்டு பாப்பம்.”

இம்மாகுலேற் சட்டையை உட்புறம் திருப்பி, விளக்கடியில் பிடித்தார். “ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்சி. பிரிச்சு விட்டால் முப்பத்துநாலு வரும். உமக்கு இப்ப முப்பத்தைஞ்சு.” சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். நெற்றி சுருங்கியது. “பொறும். முப்பத்துநாலோ? செப்டெம்பரிலை உமக்கு நான்தானே அளவெடுத்தனான்.”

மேசை லாச்சிக்குள் இருந்து பழைய கொப்பி ஒன்றை எடுத்து விரலை நனைத்துப் புரட்டினார். “இந்தா. லக்ஷனா, நெஞ்சு முப்பத்துநாலு, கை பன்னிரண்டு. ஆனால் சட்டை தைச்சிருக்கிறது முப்பத்துமூண்டுக்கு. கை பதினொண்டுக்கு. சரியாத் தைச்சிருந்தால், இந்த அரை இஞ்சியளைப் பிரிச்சு விட இண்டைக்கு அளவாய் இருந்திருக்கும்.”

“ஊரிலை தைச்சவர் பிழை விட்டிட்டாரோ?”

“எல்லாத்திலையும் நேரா ஒரு இஞ்சி குறையுது. பிழை எண்டால் இவ்வளவு ஒழுங்கா வராது, பிள்ளை.”

அந்த நேரம் பார்த்துத்தான் தில்லைநாயகி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு கையில் முருங்கைக்காய் எட்டிப்பார்க்கும் பை, மறு கையில் கடையில் மடித்துக் கட்டிய, லக்ஷனா கட்டப்போகும் புதுச் சாறி. குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

“என்ன இம்மாகுலேற், சரிவருமோ?”

“அக்கா, நான் எழுதித் தந்த அளவுத் துண்டை அப்பிடியே ஊருக்கு அனுப்பினனீங்களோ?”

அம்மா பையைக் கீழே வைத்தார். பிறகு அதைச் சுவர்ப் பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு முருங்கைக்காயை நேராக்கினார்.

“பாத்து எழுதித்தான் அனுப்பினனான்.”

“பாத்தோ, குறைச்சோ?”

“ஒரு இஞ்சிதானே,” என்றார் தில்லைநாயகி. “கலியாணம் எண்டால் பொம்பிளைப்பிள்ளையள் ஓடித்திரிஞ்சு மெலிவினம். ஆர் குறைச்சு எழுதாமல் விடுகினம்? சரியான அளவுக்குத் தைச்சால் அண்டைக்குத் தொளதொளவெண்டு நிக்கும். வீடியோக்காரன் அதைத்தான் முதல் எடுப்பான்.”

லக்ஷனாவுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சுதான் வாயில் வரும். அது படபடவென்று வந்தது. பத்து நாளாகத் தன்னைப் பட்டினி போட்டதும், தன் உடம்பு பிழை என்று சொன்னதும், சட்டை முதலே பிழையாகத் தைக்கப்பட்டிருந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. அம்மா போய்க் கதிரையில் இருந்தார், சாறியை மடியில் வைத்துக்கொண்டு.

“உனக்கு மட்டும் எண்டு நினைக்காதை,” என்றார் கடைசியில், சின்னக் குரலில். “என்ரையையும் குறைச்சுத்தான் எழுதினனான். ஒண்டரை இஞ்சி.”

“போட்டுப் பாத்தீங்களோ?”

“கை நுழையேல்லை.”

இரவு மேசையில் தன் கோப்பைக்கு எதிரே எப்போதும் இன்னொரு சூப்புக் கோப்பை இருந்தது லக்ஷனாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா துணைக்குக் குடிக்கிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்.

இம்மாகுலேற் விழுந்து விழுந்து சிரித்தார். “இந்த மாசம் நீங்கள் நாலாவது ஆள். போன கிழமை லெ பிளாங்-மெனிலிலை இருந்து ஒரு தாய் வந்தவ, ரெண்டு இஞ்சி குறைச்சவ. ஊர்த் தையல்காரர் எங்கடை ஆக்கள் எல்லாம் பிரான்சிலை சாப்பாடில்லாமல் கிடக்கினம் எண்டு நினைக்கப்போகினம்.”

“சிரியும், சிரியும். இப்ப வழி என்ன?”

“ஒட்டுத் துணி வைக்கவேணும். இந்தப் பச்சையும் மஞ்சளும் இந்தத் தெருவிலை எங்கையும் கிடைக்காது. இந்தத் துணிக்கடையளை எனக்கு முப்பது வருசமாத் தெரியும். ஆனால் சாறி இருக்குதானே.” இம்மாகுலேற் அம்மாவின் மடியைக் காட்டினார். “இடுப்பிலை செருகிற பக்கம், உள் நுனியிலை ஒரு சாண் வெட்டினால் காணும். கட்டினால் ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்துக்கும் கைக்கும் அதிலை ஒட்டு வைச்சு, எவ்வளவு வேணுமோ அவ்வளவு பெருப்பிச்சுத் தாறன்.”

தில்லைநாயகியின் கை தானாகவே சாறியை இறுக்கிப் பிடித்தது. “ஒருதரம்கூடக் கட்டாத சாறி. கலியாணச் சாறி. அதிலை கத்தரிக்கோல் வைக்கிறதோ? மணவறையிலை பொம்பிளைக்குப் பின்னாலை நிக்கிற சாறி இது. நாளைக்கு மாப்பிள்ளை பொம்பிளைக்குள்ளை ஏதும் ஒண்டெண்டால் என்னைத்தான் சொல்லுவினம். நானே என்னைச் சொல்லுவன்.”

“நான் வேதக்காரி, மாதாவைக் கும்பிடுறனான், அக்கா. உங்கடை சகுனம் எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் வெட்டுவன். சொல்லாட்டில் தொடமாட்டன்.” இம்மாகுலேற் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, மேசையின் நடுவில் வைத்தார்.

“இல்லாட்டில், மூண்டு கிழமைதானே…” என்று தொடங்கிய அம்மா, மகளின் முகத்தைப் பார்த்தார். பாதியில் விட்டார்.

வெளியே யாரோ வெண்டிக்காய் விலையைக் கூவினார்கள். லக்ஷனா தன் பனியனோடு கண்ணாடி முன் நின்றாள். தோள்கள், கைகள், அரிசி மூட்டை அழுத்திய இடத்தில் மங்கலாகக் கிடந்த சிவப்பு. இன்னும் இரண்டரைக் கிலோ அங்கே வந்து சேர வேண்டும். எங்கே வந்து சேரும் என்றுகூட அவளுக்குத் தெரியும்: தொடையில் கொஞ்சம், முதுகில் கொஞ்சம், வலது தோளுக்குப் பின்னால் கொஞ்சம். கண்ணை மூடினால் அந்தப் பந்து போவது தெரிந்தது, தாழ்வாக, நேராக, நிலத்தைத் தொடாமல் முப்பத்தெட்டு மீற்றர். அதற்காகச் சூப்பை மறுக்க வேண்டும் என்றால் மறுப்பாள். பட்டினியோடு அண்ணனின் மணவறையில் நிற்கமாட்டாள், நிற்காமலும் விடமாட்டாள். இரண்டும் வேண்டும்.

அவள் வந்து அம்மாவின் கதிரையருகே குந்தினாள். மைதானத்தில் குந்துவது போலவே, குதிகால் பதிய, முதுகு நிமிர. அம்மாவின் முகம் அவள் முகத்துக்கு நேரே வந்தது. நாக்கில் முதலில் ஏறி வந்த பிரெஞ்சை விழுங்கிவிட்டு, தமிழில் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

“அம்மா, வெட்டச் சொல்லுங்கோ. இண்டைக்கு இருக்கிற அளவுக்கு இல்லை. அறுபத்துநாலுக்கு விடச் சொல்லுங்கோ.”