ஒகாயு

இரண்டாவது சட்டியும் அடிப்பிடித்தபோது ரொஷேல் அடுப்பை அணைத்துவிட்டு, கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த வீடியோவைத் திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். ஒரு கப் அரிசிக்குப் பத்துக் கப் தண்ணீர். கிண்டக்கூடாது. மூடியைத் திறக்கவும் கூடாது. அவள் இரண்டையும் செய்திருந்தாள்.

"இந்த வீட்டில இருக்கிற அரிசியெல்லாத்தையும் அந்தப் பொம்பிளைக்கே கொட்டு," என்றாள் அம்மா பிறிஜெற், கதவு நிலையில் சாய்ந்தபடி.

"டடிக்குத்தானே மம்மி."

"யாருக்கெண்டு எனக்குத் தெரியும்."

ரொஷேலின் அப்பா ஒஸ்வால்ட் ஜப்பானில், நகோயாவில் ஒன்பது வருடம் தொழிற்சாலை வேலை செய்தவர். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இந்த ஃபிளாட் அந்த உழைப்பில்தான் வந்தது. ஃபுமிகோ என்ற பெயரும் அங்கிருந்துதான் வந்தது. ஊர் திரும்பிய வருடம், காய்ச்சலில் கிடந்தபோது அவர் வாயிலிருந்து அது விழுந்தது. பிறிஜெற் கேட்டாள். அங்கே தன்னோடு இருந்தவளென்று அவர் மறைக்காமல் சொன்னார். பிறகு இருபத்தாறு வருடமாக அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஜப்பான் சாப்பாடென்று எதுவும் சமைத்ததுமில்லை.

இப்போது வயிற்றில் புற்று. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்கவில்லை. நேற்று மகளின் கையைப் பிடித்து ஒரேயொரு சொல் சொன்னார்: "ஒகாயு." அவள் தேடிப் பார்த்தாள். அங்கே நோயாளிக்குக் கொடுக்கிற கஞ்சி.

மூன்றாவது சட்டி சரியாக வந்தது. வெள்ளையாக, குழைவாக. கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். அவர் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"டடி, ஒரு வாய். ப்ளீஸ்."

உதடு திறக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் எண்ணலாம் போலிருந்தது.

கிண்ணத்தோடு குசினிக்கு வந்தாள். பிறிஜெற் அவளைப் பார்க்கவில்லை. மேல்தட்டிலிருந்த போத்தலை இறக்கி, மாசிக்கருவாட்டுத் துண்டொன்றை எடுத்து, பலகையில் வைத்துக் கத்தியால் மெல்லிசாகச் சீவத் தொடங்கினாள்.

"அங்க எல்லாத்துக்கும் இப்பிடி ஒரு மீன்ர தண்ணிதான் விடுறதாம். மாசியை அவிச்சு வடிச்சா அதே மணம் வருமெண்டு சொன்னவர். வந்த புதுசில செய்து தரச்சொல்லிக் கேட்டவர்."

"செய்து குடுத்தீங்களா?"

பிறிஜெற் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்ததும் சீவலைப் போட்டு, உடனே அடுப்பை அணைத்து, தேத்தண்ணி வடியில் வடித்துக் கஞ்சியில் ஊற்றினாள். கிண்ணத்தை மகளிடம் கொடுக்காமல் தானே கொண்டுபோனாள்.

மணம் கட்டிலை எட்டியதும் ஒஸ்வால்ட் கண் திறந்தார். ஒரு கரண்டி இறங்கியது. இன்னொன்று. பிறகு பிறிஜெற்றின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபுமிகோ," என்றார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. அம்மா கிண்ணத்தை எறிந்துவிடுவாளோ என்று ரொஷேல் கையை நீட்டினாள். கீழே வீதியில் ஓர் ஓட்டோ விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஓம்," என்றாள் பிறிஜெற். "வாயத் திறங்கோ."

அவர் திறந்தார்.

பதினொன்றேகாலுக்கு மூச்சு நின்றது. பிறிஜெற் அவருடைய நெற்றியில் சிலுவை வரைந்து, கண்களை மூடி, தாடையைத் துணியால் கட்டினாள். ரொஷேலின் அழுகை கேட்டு, பக்கத்து ஃபிளாட் ஸீனத் வந்து கதவைத் தட்டினாள்.

"மம்மி, திறக்கட்டா?"

"கொஞ்சம் பொறு."

பிறிஜெற் குசினிக்குள் போய், சட்டியில் மிஞ்சியிருந்த கஞ்சியில் ஒரு வாய் எடுத்து விழுங்கினாள்.

"உப்புக் காணாது," என்றாள்.

உப்பை எடுக்கவில்லை. வெளியே மறுபடியும் தட்டினார்கள். அவள் நின்றபடியே, சட்டியின் அடி தெரியும்வரை சாப்பிட்டாள்.