உரித்து வைத்த பேட்டரிகள்

காதுக்கு அச்சு எடுப்பது பார்ப்பதற்குச் சமையல் மாதிரிதான் இருக்கும். நூல் கட்டிய பஞ்சுத் துண்டு ஒன்றை முதலில் காதுக்குள் தள்ள வேண்டும். பசை செவிப்பறை வரை போய்விடாமல் அது காவல் காக்கும். பிறகு இரண்டு நிறப் பசைகளைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்து, காது நிறையும் வரை அழுத்த வேண்டும். சற்று நேரத்தில் அது ரப்பராக இறுகிவிடும். நூலோடு சேர்த்து இழுத்தால் காதின் உள்வடிவம் சின்னச் சங்கு போல வெளியே வரும். அதில் துளை போட்டுக் குழாயைச் செருகினால் காதுக் கருவி மாட்டத் தயார்.

ஊழியக் குழுவில் இந்த வேலை காது அண்ணனுடையது. அந்தப் பெயர் வந்ததற்கு வேலை பாதிக் காரணம், அவருடைய காது மீதிக் காரணம். வலது காது பிறவியிலேயே செத்தது. இடது காதில் விலை கூடிய கருவி ஒன்று இருந்தது, செல்போன் போலக் கரண்டில் சார்ஜ் ஏறுவது. அதன் பின்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அழுத்தினால் உலகம் அடங்கிவிடும். வீட்டில் மனைவியோடு சண்டை வந்தால் அவர் விரல் நேராக அந்தப் பொத்தானுக்குப் போகும். அந்த அம்மாள் வாயசைத்துக்கொண்டே இருப்பாள், இவர் பேப்பர் படிப்பார்.

குழு கடல் தாண்டி வந்திருந்தாலும் பேச்சுக்குத் தடையில்லை. இரண்டு தலைமுறைக்கு முன் பிழைக்க வந்த நம் ஆட்களின் குடியிருப்பு அது. ஆலயத்தை ஒட்டிய பள்ளிக்கூட அறையில் இலவசமாகக் காதுக் கருவி கொடுக்கும் முகாம் நடந்தது. காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, முந்தின நாள் கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சரளமாகச் சொன்னார்கள். காது அண்ணனின் மனைவி மட்டும், "ஸ்தோத்திரம்" என்று எழுந்து, "ஸ்தோத்திரம்" என்று உட்கார்ந்துவிடுவாள். நாற்காலி போடுவதும் ஜெபிப்பதும் தவிர அவளுக்கு அங்கே வேலை கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் இஸ்திரிக்கார அம்மா வந்தாள். பத்து வருஷத்துக்கு முன் வந்த காய்ச்சலில் காது மந்தமானது. கூடவே நெஞ்சுச் சளியில் எலும்பும் தோலுமாகிப்போன புருஷன் சுவரைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள் என்று அவரே சொன்னார், பஸ் போய்விட்டது என்பது போல.

கருவியை மாட்டியதும் அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "யாரு இப்படிக் கரகரன்னு பேசுறது?"

"நான்தான்டி. பத்து வருஷமாத் திட்டினதெல்லாம் வீணாப்போச்சு. இனி முதல்லேர்ந்து திட்டணும்."

"திட்டுய்யா, நல்லாத் திட்டு" என்று அவள் அழுதாள். போட்டோ எடுத்தார்கள். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை காது அண்ணனிடம் அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். முகமெல்லாம் பூரிப்பு.

"என்னங்க, ஒவ்வொரு பேட்டரியிலயும் அந்த ஆரஞ்சு ஸ்டிக்கரை நகத்தால கிள்ளிக்கிட்டே எவ்வளவு சிரமப்படுறீங்க! நேத்து நீங்கல்லாம் வீடு சந்திக்கப் போயிருந்தப்ப நானே எல்லாத்தையும் உரிச்சு வச்சுட்டேன்."

அவர் டப்பாவை வாங்கித் திறந்தார்.

முகாமில் கொடுத்த கருவிகளுக்கான அந்தச் சின்ன வட்டப் பேட்டரிகள் மூச்சுவிடுகிற ஜாதி. உள்ளே துத்தநாகப் பொடி இருக்கும், முதுகில் ஊசிமுனைத் துளைகள். ஸ்டிக்கர் அந்தத் துளைகளை மூடியிருக்கும்வரை பேட்டரி வருஷக்கணக்கில் தூங்கும். உரித்ததும் காற்று உள்ளே போகும், பொடி காற்றைத் தின்று கரண்டைத் தரும். ஒருமுறை தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. கருவியில் போட்டாலும் சும்மா வைத்தாலும் சில வாரத்தில் காய்ந்து செத்துவிடும். திரும்ப ஒட்டினாலும் பெரிய பலன் இல்லை. அடுத்த குழு வரும்வரை, ஒரு வருஷத்துக்கு என்று கொண்டுவந்த அத்தனையும் அந்த டப்பாவுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. இந்த ஊர்க் கடைகளில் அது கிடைக்காது. பேட்டரியைத் தபாலில் எடுக்க மாட்டார்கள்.

"உன்னை யாரு இதைத் தொடச் சொன்னது?"

"உதவியா இருக்கட்டுமேன்னு..." அவள் முகம் செத்துவிட்டது. மேலே ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

பாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் தோளைத் தட்டினார். "கருவி வாங்கினவங்க சந்தோஷமா இருக்காங்க, இருந்துட்டுப் போகட்டும் அண்ணே. நாம போனப்புறம் கர்த்தர் பார்த்துக்குவார்."

"கர்த்தரா ஸ்டிக்கரை உரிச்சாரு, பாஸ்டர்?"

இரண்டு நாள் அவர் மனைவியோடு பேசவில்லை. அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து, குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கிய ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தாள். பயனில்லை என்று அவர் சொல்லவும் இல்லை.

கடைசிக்கு முந்தின நாள், கருவி வாங்கியவர்களின் வீடுகளுக்குப் போய் உள்ளதைச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர், "அப்புறம் எதுக்குய்யா குடுத்தீங்க?" என்று கதவைச் சாத்தினார். இஸ்திரிக்கார அம்மாவின் வீடு ஒரே அறை. மேசையில் மடிப்புக் கலையாத சட்டைகள், மேசைக்குக் கீழே பாயில் புருஷன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு பாயைப் பார்த்தாள்.

"அப்ப இவரு முந்துறாரா, பேட்டரி முந்துதான்னு பார்க்க வேண்டியதுதான்."

"நான் தோத்துட மாட்டேன்டி" என்றது பாய். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை.

அவள் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னாள். "பத்து வருஷம் இந்த மனுஷன் பேசினது ஒண்ணும் எனக்குத் தெரியாது. காது போச்சு, நான் என்ன செய்ய? ஆனாலும் மனசு ஆறலை சார். காது நல்லா இருந்தும் கேக்காம இருப்பாங்களா யாராவது?"

காது அண்ணன் இஸ்திரிப் பெட்டியின் வயர் போகிற வழியைப் பார்த்தார். சுவரில் பிளக் இருந்தது.

தன் கருவியைக் கழற்றிப் பையிலிருந்த லேப்டாப்போடு இணைத்தார். அவருடையது பெருங்குறைக்கான கருவி, அதன் சத்தத்தைக் குறைத்து வைக்கலாம். முகாமுக்கு வந்தவையோ நடுத்தரக் குறைக்கானவை. அவருடைய காதுக்கு ஏற்றபடி அவற்றைக் கூட்ட முடியாது. மாற்றிக்கொண்டால் அவள் கேட்பாள், இவர் கேட்கமாட்டார். கணக்கு அவ்வளவுதான். அவளுடைய அச்சில் தன் கருவியைப் பொருத்தி, அளவைக் குறைத்து, அவள் காதில் மாட்டினார். தன்னுடைய சார்ஜ் பெட்டியைப் பிளக்கில் செருகிக் காட்டினார்.

"தினம் ராத்திரி இதுல வச்சுடுங்க. பேட்டரியே வேண்டாம்."

அவள் ஏதோ கேட்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள். பாயிலிருந்தவரும் எழ முயன்று ஏதோ சொன்னார். காது அண்ணனுக்கு உதடுகள் மட்டும் தெரிந்தன. மற்ற வீட்டுக்காரர்கள் வந்து, ஏன் இவளுக்கு மட்டும் என்று கேட்பார்கள். அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

கடைசி நாள் காலை வட்டமாக உட்கார்ந்தார்கள். வாய்கள் அசைந்தன. பாட்டு என்பது கைதட்டலில் தெரிந்தது. இத்தனை வருஷமாக, "கர்த்தாவே, என் விண்ணப்பத்தைக் கேளும்" என்று தொடங்கியே அவருக்குப் பழக்கம். இன்றைக்கு அந்த வரியை விட்டுவிட்டு ஜெபித்தார்.

அப்போது மனைவி எழுந்தாள். அன்று உடனே உட்காரவில்லை. முந்தானையைப் பிடித்தபடி பேசினாள், நிறுத்தினாள், மறுபடி பேசினாள். வட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பாஸ்டர் தலைகுனிந்தார். அவள் கண்கள் அவர் முகத்திலேயே இருந்தன. பேட்டரியைப் பற்றியா, முப்பது வருஷக் குடித்தனத்தைப் பற்றியா, அவருக்குத் தெரியவில்லை.

பழக்க தோஷத்தில் அவர் விரல் காதின் பின்பக்கம் போய்ப் பொத்தானைத் தேடியது. இந்த முறை அழுத்தித் திறப்பதற்கு. அங்கே வெறும் தோல்தான் இருந்தது. அவள் பேசி முடிக்கும் வரை அவர் விரலை எடுக்கவில்லை.