தரைக்கு அடியில் என்ன சத்தம்

தண்ணீர் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அவளுக்குக் குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலோர இருக்கை, மாதம் பிறந்தால் தவறாத சம்பளம், சாயங்காலம் மணி அடித்தபின் யாரையும் நிறுத்தி வைக்காத மேலாளர். கணவர் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். ஆர்டர் வந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. வராவிட்டால் நாளெல்லாம் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். மகளின் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அவள் சம்பளத்தை நம்பித்தான் ஓடின.

இந்த நேரம் பார்த்துத்தான் பழைய சக ஊழியன் ஒருவன் அவளைத் தன்னோடு வேலைக்கு வரச் சொன்னான். வயதில் இளையவன்; அவளுக்கு எப்போதும் ‘தம்பி’. நிறுவனத்தை விட்டுப் போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தான். தரைக்கு அடியில் குழாய் எங்கே கசிகிறதென்று காதால் கேட்டுக் கண்டுபிடிக்கும் தொழில். கசிவு கிடைத்தால் கூலி, கிடைக்காவிட்டால் வெறுங்கை.

“காதால கேட்டா?” என்றார் கணவர். “நான் மூணு தடவை கூப்பிட்டாத்தான் உனக்குக் கேட்குது.”

“மொத தடவையே கேட்குதுங்க. வர்றதுக்குத்தான் நேரமாகுது.”

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். “சும்மா ஒரு தடவை வந்து பாருங்கக்கா” என்று தம்பி அழைத்த சலவைக் கடைக்கு ஞாயிறு காலை இருவரும் போனார்கள். கணவர் கூட வந்ததே அவள் மனத்தைக் கலைக்கத்தான். அதை அவர் ஒளிக்கவுமில்லை.

கடையின் பின்பக்கம் சிமெண்ட் தரை. தம்பி அவள் கையில் நீண்ட இரும்புக் கம்பி ஒன்றைக் கொடுத்தான். மேல்முனையில் சின்னக் கிண்ணம். கம்பியைத் தரையில் ஊன்றி, கிண்ணத்தில் காதைப் பொருத்தினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தெருவில் போன ஒரு லாரி, கணவரின் செருப்புச் சத்தம். அதற்கும் அடியில், பல்லிடுக்கில் யாரோ காற்றை இழுப்பதுபோல ஒரு சீறல்.

கொஞ்சம் தள்ளி வைத்தாள், சீறல் மெலிந்தது. திரும்பி வந்தாள், தடித்தது.

“இங்கதான் தம்பி.”

அவனும் காதை வைத்துக் கேட்டான். “எனக்கும் அப்படித்தான் தோணுது.”

உடைத்தார்கள். உள்ளே மண் பொடிப்பொடியாக உலர்ந்து கிடந்தது. அதே நேரம் பக்கத்து வீட்டில் யாரோ மோட்டாரை நிறுத்த, சீறலும் நின்றது. அவர்கள் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் போன சத்தம்.

“குழி நல்லா இருக்கு,” என்றார் சலவைக் கடைக்காரர். “செடி வச்சுக்கலாம்.”

தம்பி சிரித்துவிட்டு மறுபடி கம்பியை எடுத்தான். அந்த அமைதியில் வாசற்படியருகே வேறொரு சத்தம் அகப்பட்டது. அங்கே தோண்டியதும் ஈரம் பொங்கியது. ஆனாலும் வீண் குழிக்காகக் கடைக்காரர் பாதிக் கூலிதான் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அவள் வாய் மூடவில்லை. ஓடுகிற தண்ணீருக்கும் ஒழுகுகிற தண்ணீருக்கும் எப்படி வித்தியாசம் தெரியும்? மண் ஈரமானால் சத்தம் மாறுமா? மரத்தின் வேர் நடுவில் வந்தால் என்ன ஆகும்?

“என்னைக் கேட்டா? எனக்குத் துணியைத்தான் தெரியும்,” என்றார் அவர். சற்று நடந்துவிட்டு, “உன் ஆபீஸைப் பத்திக் கடைசியா எங்கிட்ட என்ன சொன்ன?” என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். “புது நாற்காலி வந்திருக்குன்னு.”

“அது போன வருஷம்.”

அவர் நடையைத் தளர்த்தினார்.

“பாதிக் கூலியைப் பாத்தேல்ல? இதே மாதிரி நிறைய வரும். நம்ம காரை வித்துடணும். பாப்பாகிட்ட நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்றேன்.”

“பயமா இல்லையா?”

“இருக்குங்க. ஆனா அந்த மோட்டார் சத்தத்துல ரெண்டு பேருமே ஏமாந்தோமே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது.”

வீட்டுக்கு வந்ததும் மேலாளருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி, கணவரிடம் நீட்டினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தவர், ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“‘மிகுந்த வருத்தத்துடன்’னு போட்டிருக்க. வருத்தமா இருக்கா?”

அவள் உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். “இல்லையே.”

“அப்ப அதை எடு,” என்று பேனாவைக் கொடுத்தார்.