இரண்டாவது மேடு

ஆய்வகத்தில் அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், இருபது வருடத்தில் ஒரு தசமப்புள்ளிகூட அவள் கையில் தவறியதில்லை என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்லிவைப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பொய் சொல்வானேன், நிறையவே உண்டு.

அன்று காலை எக்ஸ்ரே கருவியைச் சரிபார்க்கப் பழைய பேட்டரித் தகடு ஒன்றை உள்ளே வைத்தாள். அது ஈயம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கருவியோ 'ஆர்சனிக்' என்று காட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கருவியின் தனிமப் பட்டியலில் முந்தின நாள் ஆர்சனிக்குக்கு மட்டும் போட்ட டிக் அப்படியே கிடந்தது. ஈயத்துக்கு டிக் இல்லை. தேடச் சொல்லாததை அது எப்படித் தேடும்?

சிரிப்பு பாதியில் நின்றது. ஏழு மாதத்துக்கு முன் ஒரு சாப்பாட்டு டப்பாவையும் அவள் இப்படித்தான் பார்த்திருந்தாள்.

அணுவுக்குள் எலக்ட்ரான்கள் இஷ்டத்துக்குக் கூட்டம் போடுவதில்லை. கூடு கூடாக இருக்கின்றன: முதல் கூட்டில் இரண்டு, அடுத்ததில் எட்டு, அதற்கும் அடுத்ததில் பதினெட்டு. கருவி உள்கூட்டிலிருந்து ஒன்றை அடித்துத் துரத்தும். காலியான இடத்தில் வெளிக்கூட்டிலிருந்து ஒன்று வந்து விழும். விழும்போது ஒரு கதிர் கிளம்பும். வரைபடத்தில் அது மேடாகத் தெரியும். மேடு எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் இன்ன தனிமம் என்று சொல்வது. இதில் ஒரு வம்பு உண்டு. ஆர்சனிக்கின் முதல் கூட்டில் விழுவதும், ஈயத்தின் இரண்டாம் கூட்டில் விழுவதும் ஏறக்குறைய ஒரே இடத்தில் மேடு காட்டும். அதனால் இரண்டாவது மேட்டையும் பார்க்க வேண்டும். ஆர்சனிக்குக்கு அது பக்கத்திலேயே இருக்கும், ஈயத்துக்குச் சற்றுத் தள்ளி. இந்தக் கருவியைத் தொடுகிறவர்களுக்கு இது முதல் வாரப் பாடம்.

பேட்டரிப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவன் வயிற்றுவலியில் துடித்துச் செத்துப்போனான். தகனம் முடிந்த பிறகுதான் அவன் தம்பிக்கு அண்ணிமேல் சந்தேகம் வந்தது. அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். போலீஸ் அவனுடைய சாப்பாட்டு டப்பாவை அனுப்பி, ஆர்சனிக் விஷம் உள்ளதா என்று கேட்டது. கேட்டதற்கு மட்டும் டிக் போட்டு, 'உள்ளது' என்று கையெழுத்துப் போட்டவள் தராசு.

பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தாள். முதல் மேட்டின் பக்கத்தில் எதுவுமே இல்லை. சற்றுத் தள்ளி, ஒளிவுமறைவே இல்லாமல், ஈயத்தின் இரண்டாவது மேடு நின்றது. அவள் அந்தத் தாளோடு ஆய்வக இயக்குநரின் அறைக்குப் போனாள்.

இயக்குநர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"கேஸ் இன்னும் நடந்துட்டுதானே இருக்கு? அவங்க வக்கீல் கேட்டா பாத்துக்கலாம்மா. நீயா போய் ஏன் தலையக் குடுக்கற? ஒண்ணு தப்புன்னா, இதுவரைக்கும் நீ குடுத்த அத்தனையையும் தோண்டுவாங்க."

"தோண்டட்டும் சார். தோண்டத்தான் வேணும்."

"வேலை போயிடும்."

"அந்தம்மா ஏழு மாசமா ஜெயில்ல இருக்காங்க சார்."

தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தை இரண்டு நாள் கைப்பையிலேயே வைத்திருந்து, மூன்றாம் நாள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: அன்றைக்கே ஏன் பார்க்கவில்லை? "கேட்டத மட்டும் தேடினேன்" என்றாள். தையல்காரியை அடுத்த வாரம் விடுவித்தார்கள். தராசு இனிக் கருவியைத் தொடக்கூடாது என்று அதே நாளில் உத்தரவு வந்தது.

விடுதலையான அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் தராசு காத்து நின்றாள். தையல்காரி திட்டுவாள், கை நீட்டினாலும் நீட்டுவாள். அப்படி நடந்தால் தேவலை என்றிருந்தது. தையல்காரி கிட்டே வந்து நிதானமாக முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ அவரு எதனாலதான் செத்தாரு?"

"அது எனக்குத் தெரியாதும்மா. டப்பால இருந்தது ஈயம். பட்டறைத் தூசியாத்தான் இருக்கணும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். என்னை மன்னிச்சிடுங்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.

"என் மகளுக்குப் பன்னெண்டு வயசு. சித்தப்பா வீட்ல இருக்கா. அழுது பாத்தேன், சத்தியம் பண்ணிப் பாத்தேன். 'மிஷின் பொய் சொல்லுமாம்மா?'ன்னு கேட்டா. அதுக்கப்புறம் என்னப் பாக்கவே வரல." கையிலிருந்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க வந்து சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது."

தராசு தலையை ஆட்டினாள். இருவரும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனார்கள்.

சித்தப்பா வீட்டுக் கதவைத் திறந்த மகள் அம்மாவைக் கண்டதும் ஓரடி பின்னால் போனாள்.

தராசு முன்னால் வந்தாள். "பாப்பா, மிஷின் எதுவும் சொல்லல. அந்த ரிப்போர்ட்ட எழுதினது நான்தான்."