கட்டில் கடையில் கண் பரிசோதனை

புறநகர் வளர்கிறது, சாலையை அகலமாக்கி வடிகால் போட்டுக் கொடுங்கள் என்று ஆறு வருடம் மனு எழுதியது எங்கள் வணிகர் சங்கம்தான். "டீ பிஸ்கட் சங்கம்" என்று நான் கேலி செய்வேன். மாதம் ஒருமுறை கூடுவார்கள், டீ குடிப்பார்கள், கலைவார்கள். இவர்களாவது ஒன்றைக் கிழிப்பதாவது என்று இருந்தேன். ஒருநாள் நிஜமாகவே இயந்திரம் வந்து, தெருவை முனையிலிருந்து கடைசிவரை தோண்டிப் போட்டது. கடைகளுக்குப் போக ஆளுயரப் பள்ளத்தின் மேல் ஒற்றைப் பலகை.

சிலர் கடையைப் பூட்டினார்கள், மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். என்னுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. கண் சரியாகத் தெரியாதவர்கள்தான் என்னைத் தேடி வருவார்கள். அவர்களைப் பலகை மேல் நடந்து வா என்றால் வருவார்களா? தடுமாறாமல் தாண்டி வருகிறவருக்கு என் கடையில் என்ன வேலை?

மூன்று வாரத்தில் இரண்டே பேர். மூட்டை தூக்கி இடுப்பு போன என் வீட்டுக்காரர் வீட்டோடு இருந்தார். கடைதான் எங்களுக்குச் சோறு. வேறு வழியில்லை, காலி செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். அதற்கு முன் சங்கத்தை நாலு வார்த்தை கேட்காவிட்டால் என் மனசு ஆறாது.

மருந்துக்கடை மாடியில் கூட்டம். தலைவர், தெருமுனையில், பள்ளம் எட்டாத மெயின் ரோட்டைப் பார்த்த கடையில் கட்டிலும் பீரோவும் விற்பவர். எல்லோருக்கும் கட்டில்காரர்.

"கேட்டு வாங்கினீங்களே ரோடு! ரோடு இருக்கும், கடை இருக்காது. அப்புறம் யாருக்குங்க இந்த வளர்ச்சி?" என்று ஆரம்பித்துக் கால்மணி நேரம் வறுத்தெடுத்தேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "உங்களுக்கு எவ்வளவு இடம் வேணும்மா?" என்று மட்டும் கேட்டார்.

"கண் டெஸ்ட் பண்ண இருபது அடி வேணும். தர்றீங்களா?" நக்கலாகத்தான் கேட்டேன்.

மறுநாள் காலை கூப்பிட்டு அனுப்பினார். போனால், கடையின் முன்பக்கம் போட்டிருந்த மூன்று பெரிய கட்டில்களைக் காணோம். கழற்றிப் பின்சுவரில் சாத்தியிருந்தார். அளந்து பார்த்தேன். பதினோரு அடி. "பத்தாதுங்க" என்றேன். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அவர் தலையைச் சொறிந்தார். "நான் கண்ணைக் காட்டின டாக்டர், எழுத்து எதிர்ல நிலைக்கண்ணாடியில தெரியற மாதிரிதானே வெச்சிருந்தாரு? போக பத்தடி, வர பத்தடி."

எனக்கும் தெரிந்த வித்தைதான். கோபத்தில் மறந்துபோயிருந்தது. அதற்குள் அவர் நிலைக்கண்ணாடி வைத்த ஒப்பனை மேஜையை எதிர்ச்சுவருக்குத் தள்ளிவிட்டார். சங்கத்துக்காரர்கள் என் நாற்காலியையும் லென்ஸ் பெட்டியையும் ஃபிரேம் தட்டுகளையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பலகையைக் கடந்தார்கள். அன்று மாலைக்குள் நாலு பேருக்குக் கண் பார்த்தேன்.

ஐந்து மாதம் அங்கேதான் பிழைப்பு. நடுவில் ஒரு தம்பதி வந்தார்கள். அந்த ஒப்பனை மேஜைதான் வேண்டும் என்று பிடிவாதம். கட்டில்காரர், "அது விக்கறதுக்கு இல்லைங்க" என்று சொல்லிவிட்டார்.

"கொடுத்திருக்கலாமே, நான் வேற கண்ணாடி பாத்துக்குவேன்ல?" என்றேன்.

"உங்ககிட்ட வர்றவங்க என் கட்டிலையும்தான் பாத்துட்டுப் போறாங்க. சும்மா இருங்கம்மா."

சுத்தப் பொய். பிரித்துச் சாத்திய கட்டிலை யார் பார்ப்பார்கள்?

சாலை முடிந்தது. பஸ் உள்ளே வந்து திரும்பியது. பூட்டிக் கிடந்த ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. என் கடைக்குத் திரும்பிய முதல் வாரமே, உட்கார இடமில்லாமல் ஆட்கள் வாசலில் நின்றார்கள். மதியம் கடையைச் சாத்திவிட்டு, கட்டில்காரரைப் பார்க்கப் போனேன். கட்டில்களைத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார். தலைமாட்டுப் பலகையை நான் பிடித்துக்கொண்டேன், அவர் திருகாணியை முடுக்கினார்.

"அன்னைக்கு உங்களை அவ்வளவு பேசினேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே, ஏங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்றது? ரோட்டைக் கேட்டு வாங்கினது நாங்கதானே. அப்ப அந்தப் பள்ளமும் நாங்க கேட்டதுதான்மா."

நன்றி என்று சொன்னேன். அது போதவில்லை, பலகையைப் பிடித்தபடியே இன்னொரு முறை சொன்னேன். அவர் அடுத்த திருகாணியைக் கேட்டுக் கை நீட்டினார்.